மாமாவின் கட்டி எண்ணெய்

போன மாதம் என் மகன் ஒரு வண்டி வாங்கினான். பழசுதான், ஆனால் டர்போ வைத்தது. மிதித்தால் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொள்ளும். வாங்கிய அன்றைக்கே கேட்டான்: "அப்பா, இதுக்கு என்ன ஆயில் ஊத்தணும்? எந்த ஃபில்டர் போடணும்?"

இதே கேள்வியை நானும் ஒரு காலத்தில் ஒருவரிடம் கேட்டேன். கேட்டபடியே செய்து 1800 டாலர் தண்டம் அழுதேன். அந்தக் கதையையும், அதற்குப் பின்னால் இருக்கும் எங்கள் ஊர்ச் சாலையின் கதையையும் சேர்த்தே எழுதி வைத்துவிடலாம் என்றுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் கேட்டது என் தாய்மாமாவிடம். பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் நடுவே, இஞ்சிவிளைப் பக்கம், அவருக்கு ஒரு வர்க்‌ஷாப் இருந்தது. ஓலைக் கொட்டகையாகத் தொடங்கி ஆஸ்பெஸ்டாஸ் கூரை வரை வளர்ந்த வர்க்‌ஷாப். அங்கே நின்று ஒரு கல்லை வீசினால் தமிழ்நாட்டில் விழும் என்று சின்ன வயதில் நம்பிக்கொண்டிருந்தோம். (வீசிப் பார்த்ததும் உண்டு. விழவில்லை.) அம்மா கல்யாணம் ஆகி குழித்துறைக்கு வந்ததால் நாங்கள் தமிழ்நாடு. மாமா பிறந்த வீட்டிலேயே இருந்ததால் கேரளா. அவர் கடையில் ஒரே டின்னை இந்தப் பக்கத்துக்காரர் 'ஆயில்' என்று கேட்பார், அந்தப் பக்கத்துக்காரர் 'ஓயில்' என்று கேட்பார். மாமா ஆளைப் பார்த்து இரண்டும் சொல்வார்.

அந்தச் சாலையில் முதலில் ஓடியது மாட்டுவண்டி. அச்சுக்கு வண்டி மை. வைக்கோலைக் கருக்கி, அந்தக் கரியை ஆமணக்கெண்ணெயில் குழைத்துத் தடவுவார்கள். ஆமணக்கை லேசாக நினைத்துவிட வேண்டாம். முதல் உலகப் போரில் பறந்த ரோட்டரி எஞ்சின் விமானங்களுக்கு அதுதான் எண்ணெய். அந்த எஞ்சின்களில் பெட்ரோல் கலவை க்ராங்க் பெட்டி வழியாகவே உள்ளே போகும். மண்ணெண்ணெய் குடும்பத்து ஆயிலாக இருந்தால் பெட்ரோலில் கரைந்து ஓடிவிடும். ஆமணக்கெண்ணெய் அவ்வளவு சுலபத்தில் கரையாது, சூட்டிலும் வழவழப்பு விடாது. 1899ல் வேக்ஃபீல்ட் என்பவர் லண்டனில் தொடங்கிய கம்பெனி, 1909ல் ஆமணக்கெண்ணெய் சேர்த்த ஆயில் ஒன்றைக் கொண்டுவந்து அதற்கு ஆமணக்கின் ஆங்கிலப் பெயரிலிருந்தே 'காஸ்ட்ரால்' என்று பெயர் வைத்தது. பந்தயக் கார்க்காரர்கள் வெகு காலம் ஆமணக்கைக் கைவிடவில்லை. அதன் ஒரே கெட்ட குணம், நாள்பட்டால் பிசினாகிவிடும். பந்தயம் முடிந்ததும் எஞ்சினைப் பிரித்துக் கழுவுகிறவனுக்கு அது ஒரு பொருட்டில்லை. தினமும் ஆபீஸ் போகிறவனுக்கு ஆகாது.

எங்கள் சாலைக்கு மோட்டார் எண்ணெய் பெரிய அளவில் வந்தது திருவிதாங்கூர் அரசு பஸ்ஸோடு. 1938 பிப்ரவரி 20ல் மகாராஜா சித்திரைத் திருநாள் அதைத் தொடங்கி வைத்தார். லண்டன் போக்குவரத்திலிருந்து வரவழைத்த சால்ட்டர் என்ற ஆங்கிலேயர் பொறுப்பில், இங்கிலாந்திலிருந்து இறக்கிய காமர் சேசிஸ், பெர்க்கின்ஸ் டீசல் எஞ்சின். திருவனந்தபுரத்திலிருந்து நெய்யாற்றின்கரை, பாறசாலை வழியாக நாகர்கோவில் போகிற சாலைதான் தெற்கே முக்கியமான ரூட். ரயில் பாதை இந்தப் பக்கம் வந்தது 1979ல் என்பதையும் நினைவில் வையுங்கள். அதுவரை எங்கள் ஜனத்துக்குப் போக்கிடம் இந்த ஒரு ரோடுதான்.

மாமா 14 வயதில், 1954ல், ஒரு வர்க்‌ஷாப்பில் கையாளாகச் சேர்ந்தார். அந்த ஆகஸ்ட் 11ஆம் தேதி மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு. தமிழ்ப் பகுதிகளைச் சென்னை மாநிலத்தோடு சேர்க்கச் சொல்லி நேசமணியின் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் நடத்திய போராட்டம். திருவனந்தபுரத்தில் அப்போது பட்டம் தாணுப்பிள்ளை ஆட்சி. அன்றைக்கு வண்டி ஒன்றும் ஓடவில்லை, முதலாளி கடையைச் சாத்தச் சொல்லிவிட்டார் என்று மாமா சொல்வார். அதற்கு மேல் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார். 1956 நவம்பர் 1ல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கும் இந்தப் பக்கம் வந்தன. நெய்யாற்றின்கரையையும் கேட்டார்கள், கிடைக்கவில்லை. பாறசாலை அங்கேயே நின்றுவிட்டது, மாமாவும்தான்.

அந்தக் காலத்து எஞ்சினுக்கு எண்ணெய் எப்படித் தேர்ந்தெடுத்தார்கள்? தேர்ந்தெடுக்கவே இல்லை. பங்க்கில் என்ன இருக்கிறதோ அதுதான். 30 அல்லது 40, ஒற்றை எண். அமெரிக்காவின் எஸ்.ஏ.இ. சங்கம் 1911லேயே எண்ணெயின் கனத்துக்கு எண் கொடுக்கத் தொடங்கிவிட்டது. பெரிய எண் என்றால் கட்டியான எண்ணெய். எஸ்ஸோவும் பர்மா ஷெல்லும் 1970களில் அரசுடைமை ஆன பிறகு டின்னில் பெயர் மாறியது, மற்றபடி நிலைமை அதேதான். 'எது நல்ல ஆயில்?' என்று நாலு டின்னை வரிசையாக வைத்துப் பார்க்கும் வசதி 1990களில்தான் வந்தது.

எஞ்சின்களும் அதற்குத் தகுந்த மாதிரி இருந்தன. பேரிங் இடைவெளி அதிகம், ரிங் தேய்ந்திருக்கும், புகை தள்ளும். குவாரி லாரி கிளப்பும் செம்மண் தூசி வேறு. காற்று ஃபில்டர் என்றால் அடியில் கொஞ்சம் எண்ணெய் ஊற்றிய கிண்ணம். காற்று அதில் மோதித் திரும்பும்போது தூசி எண்ணெயில் மாட்டிக்கொள்ளும். மாமா வாரம் ஒருமுறை அந்தக் கிண்ணத்தை வழித்தால் அடியில் செம்மண் குழம்பு இருக்கும். ஆயில் ஃபில்டரை 1920களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஸ்வீட்லேண்ட் என்பவர் 'பியூரோலேட்டர்' என்ற பெயரில் கொண்டுவந்திருந்தார். ஆனாலும் வெகு நாள் பல எஞ்சின்களில் எண்ணெயில் ஒரு பங்குதான் அதன் வழியாகப் போகும். மற்றது வடிகட்டாமலேயே சுற்றும். இப்படிப்பட்ட எஞ்சினில் இளகிய எண்ணெய் ஊற்றினால் சத்தம் கூடும், குடிக்கும், பிரஷர் விழும். கட்டியாக ஊற்றினால் அடங்கும். மாமா ஐம்பது வருஷம் கண்ணால் கண்ட பாடம் அது.

அதனால் 2003 ஜனவரியில், மிச்சிகனிலிருந்து காலிங் கார்டு போட்டு, "மாமா, டர்போ வண்டி வாங்கியிருக்கேன், என்ன ஆயில்?" என்று கேட்டபோது அவர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"மக்களே, கட்டியான எண்ணெயாக்கும் எஞ்சினுக்கு மெத்தை. வேகமா ஓடுற வண்டின்னா இன்னும் கட்டியா ஊத்து. 20W-50 கிடைக்குமா அங்க?"

கிடைத்தது. மேனுவலில் 5W-40 என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. மேனுவலைவிட மாமா பெரியவர் இல்லையா! ஃபில்டருக்கும் இருப்பதிலேயே விலை குறைந்ததை எடுத்தேன்.

மறுவாரம் ஒரு காலை, வெளியே -23 டிகிரி. ஸ்டார்ட்டர் முனகியது. எஞ்சின் பிடித்துக்கொண்டது, ஆனால் ஆயில் லைட் அணையவில்லை. சின்ன வயதில் மாமா பழக்கிய வழக்கப்படி மனசுக்குள் எண்ணினேன். பதினொன்று வரை போனது. மேலே டக் டக் என்று தட்டல். மீட்டிங்குக்கு நேரமாகிவிட்டதென்று அப்படியே கிளப்பி ஹைவேயில் மிதித்தேன். மூன்று வாரத்தில் டர்போ ஊளையிட்டது. பின்னால் நீலப் புகை.

என்ன நடந்தது என்று பிறகுதான் உட்கார்ந்து படித்தேன். 20W-50ல் W என்பது குளிர்காலத்தைக் குறிப்பது. 20W எண்ணெயை, பம்ப் இழுக்குமா என்று சோதிப்பது -20 டிகிரியில். அதற்குக் கீழே அது பொறுப்பில்லை. 5W எண்ணெயை -35லும் 0W எண்ணெயை -40லும் சோதிக்கிறார்கள். பின்னால் வரும் எண் எஞ்சின் சூடான பிறகு, 100 டிகிரியில். ஆக 5W-40ம் 20W-40ம் சூட்டில் ஒரே கனம்தான், காலைக் குளிரில்தான் வேறு வேறு. டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றும். எண்ணெய் வராத ஒவ்வொரு நொடியும் அதற்கு நஷ்டம். மலிவு ஃபில்டர் தன் பங்குக்குச் செய்தது: வண்டி நிற்கும்போது எண்ணெய் திரும்ப வடியாமல் தடுக்கும் ரப்பர் வால்வு குளிரில் விறைத்திருக்கிறது. கட்டி எண்ணெய் ஃபில்டர் தாளுக்குள் நுழைய முடியாதபோது பைபாஸ் வால்வு திறந்துவிடும். அப்போது வடிகட்டாத எண்ணெய்தான் பேரிங்குக்குப் போகும்.

இதை மாமாவிடம் நான் சொல்லவில்லை. "வண்டி எப்பிடி ஓடுது?" என்பார். "ஜோரா ஓடுது மாமா" என்பேன். ஏழு வருஷம் இப்படிப் போனது. 2010 டிசம்பரில் ஊருக்குப் போயிருந்தபோது, அத்தை தலைக்குத் தேய்க்கக் கொண்டுவந்து வைத்த தேங்காயெண்ணெய் குப்பியில் அடிப்பாகம் வெள்ளையாக உறைந்திருந்தது. மார்கழிக் காலையில் எங்கள் பக்கம் இது சகஜம். அதைப் பார்த்ததும் வாயில் வந்துவிட்டது. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

மாமா கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. குப்பியை எடுத்துக் கவிழ்த்தார். எண்ணெய் அசையவில்லை.

"தேங்காயெண்ணெ உறையும்னு எனக்குத் தெரியாதாலே? அங்க இத்தற குளிருன்னு நீ சொல்லல்ல. நானும் கேக்கல்ல." பிறகு, "எவ்வளவு ஆச்சு?" என்றார். சொன்னேன். அதை ரூபாயில் பெருக்கிப் பார்த்து தலையில் கை வைத்துக்கொண்டார்.

இப்போது மகனுக்கு நான் சொன்னது இதுதான். முதலில் மேனுவல். அதில் வண்டிக் கம்பெனியின் அங்கீகார எண் ஒன்று போட்டிருக்கும், அதே எண் டப்பாவின் பின்பக்கம் இருக்க வேண்டும். முன்பக்கத்தில் ரேஸ், அல்ட்ரா என்று எழுதியிருப்பதற்கெல்லாம் அர்த்தமில்லை. டர்போ என்றால் முழு சிந்தெட்டிக். ட்ராக்கில் ஓட்டுகிறாய் என்றால் மட்டும் கனத்தைப் பற்றித் தனியாக யோசிக்கலாம், அதுவும் தெரிந்தவரிடம் கேட்டு. ஃபில்டரில் பத்து டாலர் மிச்சம் பிடிக்காதே. அதிகம் ஓட்டாவிட்டாலும் வருஷத்துக்கு ஒருமுறை மாற்று. ஊரில் அப்பா அம்மாவுக்கென்று கார் வாங்கி விட்டிருக்கும் நம்மவர்களுக்கும் இது பொருந்தும். கோயிலுக்கும் கடைக்கும் இரண்டு கிலோமீட்டர் ஓடும் வண்டியில் எண்ணெய் சரியாகச் சூடாவதே இல்லை. ஈரம் உள்ளேயே தங்கி எண்ணெய் கெடும். "நாலாயிரம் கிலோமீட்டர்தானே ஓடியிருக்கு" என்று மூன்று வருஷம் விட்டுவிடுகிறோம்.

காலி டப்பாவைத் தூக்கி எறியும் முன் ஆணியால் ஒரு ஓட்டை போடு என்றும் சொன்னேன். அவன் விநோதமாகப் பார்த்தான். போலி எண்ணெய் ஊற்றி மறுபடி விற்றுவிடக் கூடாதே என்று மாமா செய்வது. மிச்சிகனில் அதற்குத் தேவையில்லைதான், இருந்தாலும் என் கை தானாகவே ஆணியைத் தேடும்.

மாமாவுக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது. வர்க்‌ஷாப்பைப் பேரன் பார்க்கிறான். கே.எல்.19ம் டி.என்.75ம் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் மகன் தன் வண்டியைக் காட்டினான். 0W-40 ஊற்றியிருப்பதாகப் பெருமையாகச் சொன்னான். மாமா திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுவந்து ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"லைட்டு அணைய எத்தற செகண்டு மக்களே?"

அவன் அப்படி எண்ணிப் பார்த்ததே இல்லை. செருப்பை மாட்டிக்கொண்டு சாவியோடு வெளியே ஓடினான்.