குழந்தை அசையாமல் படுத்திருக்கும்போதும் வலிப்பு வருமா? ஐசியு-வில் மூளையைக் கண்காணிப்பது எப்படி?

ஐசியு-வில் குழந்தை அசையாமல் படுத்திருக்கிறது. இதயத்துடிப்பு, ஆக்சிஜன், பிபி எல்லாம் ஓகே. "நல்லா தூங்குறான்" என்று பெற்றோர் நினைக்கலாம். ஆனால், அதே நேரத்தில் மூளைக்குள் வலிப்பு ஓடிக்கொண்டிருக்க வாய்ப்பு உண்டு!

வெளியே தெரியாத வலிப்பு

ஃபிட்ஸ் என்றாலே கை, கால் வெட்டி இழுக்கும் என்றுதான் நினைப்போம். ஆனால் தலையில் பலத்த அடி, மூளைக்காய்ச்சல், இதயம் நின்று மீண்டும் துடித்தது போன்ற நிலைகளில் அசைவே இல்லாமலும் வலிப்பு வரலாம். வென்டிலேட்டரில் இருக்கும்போது தரப்படும் தசைத் தளர்வு மருந்தும் அசைவை மறைத்துவிடும். ஐசியு-வில் இஇஜி மூலம் தொடர்ந்து கண்காணிக்கப்படும் குழந்தைகளில் 10 முதல் 40 சதவீதம் பேருக்கு வலிப்பு தெரியவருவதாக ஆய்வுகள் சொல்கின்றன. நீண்ட நேரம் நீடித்தால் மூளைக்கு ஆபத்து.

எப்படி கண்டுபிடிக்கிறார்கள்?

தலையில் சிறு எலக்ட்ரோடுகளை ஒட்டி, மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்வதுதான் இஇஜி. வழக்கமான இஇஜி 20 - 30 நிமிடத்தில் முடிந்துவிடும். வலிப்போ விட்டுவிட்டு வரும். அந்த அரை மணி நேரத்தில் சிக்காமல் போகலாம். அதனால்தான் 24 மணி நேரமோ, அதற்கு மேலோ வீடியோவுடன் சேர்த்து பதிவு செய்கிறார்கள்.

ஷாக் கொடுக்கிறார்களா?

இல்லை. ஒயர்களைப் பார்த்து பயப்பட வேண்டாம். இந்தக் கருவி மின்சாரத்தை உள்ளே செலுத்தாது, வலிக்காது.

வேறு என்ன கருவிகள்?

தலையில் பலத்த காயம் என்றால், மண்டையோட்டில் சிறு துளையிட்டு சென்சார் வைத்து உள் அழுத்தத்தை அளப்பார்கள். அது 20 மில்லிமீட்டர் பாதரச அளவுக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது இலக்கு. நெற்றியில் ஒட்டும் இன்னொரு சென்சார், அகச்சிவப்பு ஒளி மூலம் மூளைத் திசுவில் ஆக்சிஜன் அளவைக் காட்டும்.

மெஷின் மட்டும் போதுமா?

போதாது. சளி வெளியேற நர்ஸ் முதுகில் தட்டினால்கூட வலிப்பு போலவே கோடுகள் தெரியும். அதைப் பிரித்தறிய பயிற்சி பெற்ற நிபுணர் தேவை.

பெற்றோர் என்ன செய்யலாம்?

கண் ஒரு பக்கமாகவே இழுத்து நிற்பது, இமையோ உதடோ துடிப்பது... இப்படி எதைப் பார்த்தாலும் "சின்ன விஷயம்தானே" என்று விடாமல் உடனே நர்ஸிடம் சொல்லுங்கள். பார்த்த நேரத்தையும் சேர்த்துச் சொன்னால், பதிவில் அந்த நிமிடத்தை டாக்டர் தேடிப் பார்க்க முடியும்.