மாற்றும் முத்திரையும்: பொன்னின் தரச்சான்று வளர்ந்த வரலாறு

பொன் விற்பவர் தம் பொன்னின் மாற்றைப் பற்றிச் சொல்லும் சொல்லுக்குப் பிரமாணம் யாது என்னும் கேள்வி மிகப் பழமையானது. கௌடிலியரின் அர்த்தசாஸ்திரம் உரைகல்லைப் பற்றியும், உரைத்துக் காண்பதில் நிகழும் வஞ்சனைகளைப் பற்றியும் விரித்துரைக்கின்றது. தஞ்சைப் பெரிய கோயிலுக்கு அளிக்கப்பெற்ற பொன் ‘ஆடவல்லான்’ என்னும் கல்லால் நிறுக்கப்பட்டதென்று கல்வெட்டுகள் குறிப்பதோடு, தண்டவாணி என்னும் தரத்தோடு ஒப்பிட்டு, அதனினும் எவ்வளவு மாற்றுக் குறைந்தது என்பதையும் மறையாமல் பொறித்து வைத்திருக்கின்றன. கொடுத்தவன் பெருமையைப் பாடுமிடத்திலேயே கொடுத்த பொன்னின் குறையையும் எழுதிவைத்த அந்த நேர்மை போற்றத்தக்கது. ஆயினும் கோயிலுக்கு இருந்த இப்பாதுகாப்பு, தாலிக்குப் பொன் வாங்கிய எளிய குடும்பத்திற்கு இருந்ததில்லை. பரம்பரையாகத் தமக்கு நகை செய்துவரும் பத்தரிடம் வைத்த விசுவாசமே அதற்குச் சான்றாக நின்றது.

இங்கிலாந்தில் 1300-ஆம் ஆண்டிலேயே, முதலாம் எட்வர்ட் மன்னரின் சட்டத்தின்படி, பொற்கொல்லர் சங்கத்தின் காவலர்கள் சோதித்துச் சிறுத்தைத் தலை முத்திரை இட்ட பிறகே பண்டங்கள் விற்பனைக்கு வரலாயின. செய்தவரே தம் பொருளுக்குச் சாட்சியாதல் போதாது என்னும் இக்கொள்கை நம் நாட்டு நகைக்கடையை எட்டக் காலம் பிடித்தது. 1947-இல் இந்தியத் தர நிர்ணய நிறுவனம் தோன்றி, 1952-ஆம் ஆண்டுச் சட்டத்தால் பண்டங்களுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை வழங்கும் அதிகாரம் பெற்றபோதும் பொன் புறத்தே நின்றது. 1963-இல் வந்த தங்கக் கட்டுப்பாடு புது நகைகளை 14 காரட்டுக்கு மேற்படலாகாதென்று தடுத்து, எண்ணற்ற பொற்கொல்லர் குடும்பங்களின் ஜீவனத்தைக் குலைத்ததேயன்றி, வாங்குவோர் கையில் ஒரு சான்றையும் தரவில்லை.

இவ்விடைவெளியிலேதான் ‘கே.டி.எம்.’ என்னும் விளம்பரம் செழித்தது. செம்பும் வெள்ளியும் மிகுந்த பழைய பொடியால் பற்றவைத்தபோது, இணைப்புகள் பெருகப் பெருக நகையின் மாற்றுக் குறைந்துவந்தது. காட்மியம் கலந்த பற்றவைப்பில் பொன்னின் பங்கை 92 விழுக்காடு வரை வைத்துக்கொள்ள முடிந்தமையால் அக்குறை நீங்கிற்று. ஆனால் ‘கே.டி.எம்.’ என்பது இவ்வாறு காட்மியத்தால் பற்றவைக்கும் முறையைக் குறிப்பதேயன்றி எவரும் சோதித்தளித்த சான்று அன்று. அதனைத் தூய்மையின் முத்திரையாகவே ஜனங்கள் நம்பினர். காட்மியத்தின் புகையோ பட்டறையில் குனிந்திருந்த தொழிலாளியின் நுரையீரலைக் கெடுத்தது.

2000-ஆம் ஆண்டில், முன் சொன்ன நிறுவனத்தின் வழிவந்த இந்தியத் தர நிர்ணய அமைவனம் (பி.ஐ.எஸ்.) ஹால்மார்க் திட்டத்தைத் தொடங்கியதே உண்மையான திருப்பம். அதன் ஆதாரமான நெருப்புச் சோதனையில், நகையிலிருந்து எடுத்த துணுக்கை நுண்தராசில் நிறுத்து, வெள்ளி சேர்த்து, ஈயத்தகட்டில் பொதிந்து, நுண்துளைக் கிண்ணத்தில் இட்டு, 1,000 பாகை சென்டிகிரேடுக்கு மேற்பட்ட உலையில் வைக்கின்றனர். உருகிய ஈயம் செம்பு முதலியவற்றையும் தன்னோடு ஈர்த்துக்கொண்டு கிண்ணத்துள் இறங்கிவிட, பொன்னும் வெள்ளியுமான ஒரு மணியே எஞ்சும்; அதனைத் தகடாக்கிச் சுருட்டி நைட்ரிக் அமிலத்தில் கொதிக்கவைத்தால், வெள்ளி கரைந்து பொன் மட்டும் நிற்கும். அப்பொன்னின் நிறையை முதல் நிறையோடு ஒப்பிட்டே, ஆயிரத்தில் 916 பங்கு உண்டா என்பது தீர்மானிக்கப்படுகிறது.

எனினும் பழைய முத்திரைகள் கடையையும் சோதனைச் சாலையையும் காட்டினவேயன்றி, இந்த நகை இன்னதென்று தனித்துக் காட்டவில்லை. 2021 ஜூன் 16 முதல் 256 மாவட்டங்களில் ஹால்மார்க் கட்டாயமாகி, அவ்வாண்டு ஜூலையில் ஒவ்வொரு நகைக்கும் எழுத்தும் எண்ணும் விரவிய ஆறிலக்க அடையாளம் வந்தபோதே, சான்று பொருளோடு ஒட்டியது. 2 கிராமுக்குக் குறைந்த நகைகளுக்கு இதிலிருந்து விலக்கு உண்டு. மூக்குத்தியும் சிறு தோடுமே வாங்க இயலுவோருக்கு இச்சான்று எட்டாதிருப்பது பெருங்குறையென்றே கருதுகிறேன்.

முத்திரையில் சொன்ன தரம் நகையில் இல்லையேல், குறைந்த பொன்னின் மதிப்பைப் போல் இருமடங்கும் சோதனைக் கட்டணமும் தர விற்றவர் கடமைப்பட்டவர். ஆகவே நகை வாங்குவோர் ‘பி.ஐ.எஸ். கேர்’ செயலியில் அந்த ஆறிலக்கத்தை இட்டுப் பார்த்து, தரமும் எடையும் குறித்த ரசீதைக் கேட்டுப் பெற்ற பின்னரே கடையை விட்டு வெளிவர வேண்டுகிறேன்.