எனாமலும் ஈயப்பூச்சும்

ராயபுரத்தில் எங்க பழைய வீட்டில் ஒரு வார்ப்பிரும்புக் குளியல் தொட்டி. விளிம்பில் ரூபாய்க் காசு அளவுக்கு எனாமல் பெயர்ந்து துரு தெரிந்தது. "கிட் வாங்கிப் பூசுப்பா, புதுசாயிடும்" என்றார் நண்பர். ஆகுமா?

எனாமல் என்பது பெயிண்ட் இல்லைங்க, கண்ணாடி. 1883-ல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஜான் மைக்கேல் கோலர், குதிரைகளுக்குத் தண்ணீர் வைக்கும் வார்ப்பிரும்புத் தொட்டிக்கு எனாமல் பூசி, நாலு கால் வைத்துக் குளியல் தொட்டியாக்கினார் என்பது அந்த நிறுவனம் சொல்லும் கதை. கண்ணாடித் தூள் உருகி இரும்போடு ஒட்ட, சுமார் 800 டிகிரி செல்சியஸ் சூடு வேணும்.

இப்போ நம்ம தெருவில் வந்த ஈயம் பூசுறவரை நினைச்சுப் பாருங்க. பித்தளைப் பாத்திரத்தைக் கரி நெருப்பில் காட்டி, நவச்சாரம் போட்டு, வெள்ளீயத்தைத் துணியால் தேய்ப்பார். வெள்ளீயம் உருகுவது 232 டிகிரியில். அதனால்தான் தேய்ந்த பூச்சை அதே உலோகத்தால் வாசலிலேயே புதுப்பிக்க முடிந்தது. எனாமலுக்கு உலை வேணும். கிட்டில் இருப்பதோ எபாக்சி. அதாவது, ஒட்டு.

ஒட்டு நிக்கணும்னா துருவை முழுசா எடுக்கணும். உப்புக்காத்து ஊரில் மிச்சம் விட்டா உள்ளுக்குள்ளேயே பரவும். பழைய எனாமலில் காரீயம் இருக்கலாம். ஈரம் வைத்தே உப்புத்தாள் தேய்க்கணும், குழந்தைகள் பக்கத்தில் வேண்டாம். நல்லாக் காயவிட்டு, மெல்லிசாக இரண்டு தடவை பூசினேன்.

புதுசாகலை. துரு மட்டும் நின்னுச்சு. அது போதும்.