புயல் போயிடுச்சு, ஃப்ளைட் ஏன் இன்னும் கிளம்பலை?

கடலூர் துறைமுகத்துல புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏத்தினா, எங்க ஊர்ல மீனவர்களுக்கு அடுத்துப் பதறுறது சென்னையில ஃப்ளைட் பிடிக்க வேண்டிய குடும்பங்கள்தான். 2024 நவம்பர் 30, ஃபெஞ்சல் புயல். சென்னை ஏர்போர்ட்டை மதியம் மூடி, மறுநாள் அதிகாலையில திறந்தாங்க. ஆனா ரன்வேயைத் திறந்ததும் டைம்டேபிள் சரியாகிடாது.

ஒரே விமானம் காலையில மதுரை, மதியம் சென்னை, ராத்திரி டெல்லின்னு ஓடும். அது நடுவுல எங்கேயாவது மாட்டிக்கிட்டா, மீதி ட்ரிப் எல்லாம் காலி. விமானம் வந்தாலும் பைலட் வேற ஊர்ல இருப்பார். பக்கத்துலயே இருந்தாலும் டியூட்டி நேரம் முடிஞ்சிருக்கும். சட்டப்படி அவர் ஓய்வெடுத்தே ஆகணும்.

இதைக் கணக்காக எழுதியவர்களில் முன்னோடிகள் தியோதோரோவிச், குபெரினிச் என்ற இருவர். அவர்கள் கட்டுரை வந்தது 1984-ல். பெரிய சோதனை 2001 செப்டம்பர் 11-க்குப் பிறகு வந்தது. அமெரிக்க வான்வெளியையே மூடிட்டாங்க. விமானங்கள் கிடைச்ச ஊர்ல இறங்கின. கான்டினென்டல் ஏர்லைன்ஸ் தன் பைலட், கேபின் ஊழியர்களின் அட்டவணையை க்ரூசால்வர் என்ற மென்பொருளை வைத்து மறுபடி அமைத்தது. அந்த வேலைக்கு 2002-ல் எடல்மேன் பரிசும் கிடைத்தது.

க்ரூசால்வர் இன்னைக்கு ஒரு நாளுக்கு விடை தேடும். அதே 2002-ல் ஜார்ஜியா டெக்கில் ரோசன்பர்கர் குழு வெளியிட்ட சிம்ஏர் கேட்டது வேற கேள்வி. லேட்டான ஃப்ளைட்டுக்குக் காத்திருக்கணுமா, கேன்சல் பண்ணணுமா? ஏதாவது ஒரு விதியை எடுத்துக்கிட்டு, மழை, இன்ஜின் கோளாறுன்னு கற்பனை நாட்களை வரிசையா ஓட்டிப் பார்க்கும். நம்ம லோட் டெஸ்டிங் மாதிரிதான். பயணிகளை வச்சு டெஸ்ட் பண்ண வேண்டாம் பாருங்க!

புயலே இல்லாமலும் சிக்கும். 2025 நவம்பர் 1-ல் பைலட்களின் இரவுப் பணி விதி இறுகியது. டிசம்பர் 5 அன்று ஒரே நாளில் இண்டிகோ ஆயிரத்துக்கும் மேல் ஃப்ளைட்டுகளை ரத்து செய்தது. விதி வரப்போகுதுன்னு தெரிஞ்ச விஷயம். ஓட்டிப் பார்க்க மாதக்கணக்கில் நேரம் இருந்தது. கடைசியில் டிஜிசிஏ என்ன பண்ணுச்சு தெரியுமா? அந்த இரவு விதியிலிருந்தே இண்டிகோவுக்குத் தற்காலிக விலக்கு கொடுத்தது. விடை வரலைன்னு கன்ஸ்ட்ரெயின்ட்டையே கமென்ட் அவுட் பண்ற மாதிரி. இங்க அந்தக் கன்ஸ்ட்ரெயின்ட், ஒரு பைலட்டோட தூக்கம்.