வீட்டு இணையமும் தொலைக்காட்சியும்: பயனீட்டாளருக்கு எத்தனை வழி?

தாமான் வீடுகளின் அஞ்சல் பெட்டியில் இணையச் சேவை விளம்பரத் தாள்கள் அடிக்கடி விழுகின்றன. யூனிஃபை, மேக்சிஸ், செல்கோம்டிஜி, ஆஸ்ட்ரோ என்று பெயர்கள் பல. ஆனால் பெரும்பாலான தாமான்களில் வீட்டுக்குள் வரும் கண்ணாடி இழைக் கம்பி ஒன்றுதான்.

2008-இல் அரசாங்கமும் டெலிகோம் மலேசியாவும் ஓர் ஒப்பந்தம் செய்தன. 1,130 கோடி ரிங்கிட் திட்டம். அதில் 240 கோடி அரசாங்கப் பணம். 2010 மார்ச்சில் யூனிஃபை வந்தது. மற்ற நிறுவனங்கள் பலவும் அதே கம்பியை வாடகைக்கு எடுத்துத் தங்கள் பெயரில் விற்கின்றன. அடுக்குமாடிகளில் டைம் நிறுவனத்துக்குச் சொந்தக் கம்பி உண்டு. தெனாகாவின் அலோ நிறுவனமும் சில வட்டாரங்களில் தனிக் கம்பி போட்டுள்ளது.

ஆகவே விலை குறைந்ததற்குப் போட்டி மட்டும் காரணமல்ல. மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம் 2018 ஜூனில் அந்த வாடகைக்கு உச்சவரம்பு விதித்தது. அவ்வாண்டே 100 எம்பிபிஎஸ் வேகம் மாதம் 129 ரிங்கிட்டுக்குக் கிடைத்தது. 2023 மார்ச்சில் வரம்பு திருத்தப்பட்டபின் 99 ரிங்கிட் திட்டங்கள் வந்தன. 6 விழுக்காடு சேவை வரி சேர்ந்தால் பில்லில் 104 ரிங்கிட் 94 காசு. இன்னும் 129 கட்டுகிறவர்கள் இருந்தால், ஒரு முறை அழைத்துக் கேளுங்கள். கேட்காதவருக்கு நிறுவனம் தானாகக் குறைக்கும் என்று நம்பியிருக்க வேண்டாம்.

தெரு முனையில் கம்பி அறுந்தால், அதே கம்பியை வாடகைக்கு எடுத்த இன்னொரு நிறுவனத்துக்கு மாறிப் பயனில்லை. மாறுவதற்குமுன் புதியவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "கம்பி யாருடையது?"

தொலைக்காட்சியின் கதை வேறு. 1996-இல் தொடங்கிய ஆஸ்ட்ரோவுக்குத் துணைக்கோள வழி கட்டணத் தொலைக்காட்சியில் 2017 பிப்ரவரி வரை தனியுரிமை இருந்தது. அதற்குமுன் வந்த மெகா டிவி 2001-இல் மூடப்பட்டது. வானவில், சன், விஜய் பார்க்க வேண்டுமென்றால் நம் வீடுகளுக்குப் பல ஆண்டுகள் வேறு வழியே இல்லை. தனியுரிமை முடிந்தபின் ஆஸ்ட்ரோவுக்குச் சவாலாக வந்தது இன்னொரு தட்டு அல்ல, இணையம்.

தோட்டத்து மக்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். நல்ல இணையம் இல்லாத லயத்து வீட்டில் ஆஸ்ட்ரோவுக்குப் போட்டியும் இல்லை. தோட்டம் தனியார் நிலம். நிர்வாகம் சம்மதிக்காமல் கம்பம் நட முடியாது. முப்பது வீட்டுக்காகக் கம்பி இழுக்க நிறுவனங்களுக்கும் ஆர்வம் குறைவு. மிஞ்சுவது சிம் கார்டு போடும் 4ஜி, 5ஜி மோடம். அதை ஒப்பந்தத்தில் எடுக்குமுன் அதே நிறுவனத்தின் பிரிபெய்ட் சிம் ஒன்றை வாங்கிக் கைப்பேசியில் போடுங்கள். இரவு எட்டு மணிக்கு, எல்லாரும் இணையத்தில் இருக்கும் நேரத்தில், மோடம் வைக்கப்போகும் இடத்திலேயே ஒரு வாரம் சோதியுங்கள். பகலில் கடைக்காரர் காட்டும் வேகத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

மாதக் கட்டணமே வேண்டாம் என்பவர்களுக்கு இரண்டு வழி உண்டு. ஆஸ்ட்ரோவின் என்ஜாய் பெட்டியை ஒரு முறை வாங்கினால் போதும். மைடிவி இலக்கவியல் ஒளிபரப்பில் ஆர்.டி.எம். தமிழ்ச் செய்தி கிடைக்கும். அதற்கு ஓர் ஆன்டெனா வேண்டும்.

இணைய ஒப்பந்தங்கள் பெரும்பாலும் 24 மாதம். இடையில் நிறுத்தினால் அபராதம். வேலை மாறினால் வீட்டையும் விட வேண்டிய தோட்டக் குடும்பத்துக்கு இது சிறு விஷயமல்ல. புதிய இடத்தில் சேவை இல்லையென்றால் அபராதம் உண்டா என்று கையொப்பமிடுமுன் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். கணக்கு அப்பா பெயரில் இருந்தால், நிறுத்த அவரே பேச வேண்டியிருக்கும்.

புதிய இணைப்பு ஓடத் தொடங்கியபின் பழையதை நிறுத்துங்கள். மோடத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது ரசீது வாங்குங்கள். தகராறு வந்தால் முதலில் நிறுவனத்திடம் புகார் செய்து, புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அங்கே தீராவிட்டால் அந்த எண்ணோடு ஆணையத்தின் புகார்ப் பிரிவுக்கு எழுதலாம்.