காலத்துக்கு அம்பு வரைந்த கதை

இன்னைக்குத் திரெட்ல சுகர், பிரஷர் எல்லாம் கொஞ்சம் ஓரமா இருக்கட்டும். காலம் எந்தப் பக்கம் போகுதுன்னு பேசுவோம். கடைசியில உங்க வீட்டுக்குத் தேவையான ஒரு விஷயத்துலதான் வந்து நிற்கும், அதனால பாதியில போயிடாதீங்க.

"பத்து வருஷம் முன்னாடி"ன்னா நடந்து முடிஞ்சது. "முன்னாடி போங்க"ன்னா இனிமே போக வேண்டிய இடம். முன்னோர் போய்ச் சேர்ந்தவங்க, முன்னேற்றம் இனி வர வேண்டியது. ஒரே 'முன்', ரெண்டு திசை. ஆனாலும் நாம யாரும் குழம்புறதில்லை.

தென் அமெரிக்காவில் ஆண்டிஸ் மலைப்பகுதியில் ஐமாரா மொழி பேசும் பெரியவர்கள், கடந்த காலத்தைச் சொல்லும்போது கையை முன்னால் நீட்டுவாங்க. வருங்காலத்துக்கு முதுகுப் பக்கம் காட்டுவாங்க. பார்த்தது கண்ணுக்கு முன்னாடி, பார்க்காதது முதுகுக்குப் பின்னாடி. நியாயம்தானே?

சரி, மொழிதான் இப்படி. இயற்பியலாவது திசையைத் தெளிவா சொல்லுதான்னு பார்த்தா, நியூட்டன் விதிகள் சொல்லவே இல்லை. உராய்வே இல்லாத ஊசல் ஒண்ணு ஆடுறதை வீடியோ எடுத்துத் தலைகீழா ஓட்டுங்க. எது நேர், எது தலைகீழ்னு கண்டுபிடிக்க முடியாது. ஆனா டிகாக்‌ஷன்ல பால் கலக்குற வீடியோவைத் திருப்பி ஓட்டினா குழந்தைகூடச் சிரிச்சிடும். ஈசிஜியைத் திருப்பி ஓட்டினா எங்க ஹவுஸ் சர்ஜன் பசங்களே கண்டுபிடிச்சிடுவாங்க. அப்போ இந்தத் திசை எங்கிருந்து வந்துச்சு?

கடிகாரத்துல இருந்து வரலை. வெப்பத்துல இருந்து வந்துச்சு. 1824ல் சாதி கார்னோன்னு ஒரு பிரெஞ்சு எஞ்சினியர், நீராவி இயந்திரம் வேலை செய்யணும்னா வெப்பம் சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்கு இறங்கணும்னு எழுதினார். அப்போ பெரிசா யாரும் கண்டுக்கலை. 1832ல் காலரா வந்து 36 வயசுல செத்துப்போனார்.

அடுத்து வர்றவர் நம்ம ஆளு, டாக்டர். பேர் ராபர்ட் மேயர், ஜெர்மன்காரர். 1840ல், 25 வயசுல, டச்சுக் கப்பலில் மருத்துவரா ஜாவா தீவுக்குப் போறார். அந்தக் காலத்துல எதுக்கெடுத்தாலும் ரத்தத்தை வெட்டி வெளியேத்துறதுதானே வைத்தியம்! மாலுமிகளின் சிரை ரத்தம் அவ்வளவு சிவப்பா இருந்ததைப் பார்த்து, தமனியைத்தான் வெட்டிட்டோமோன்னு பதறிட்டார். அப்புறம் யோசிக்கிறார். வெக்கையான ஊர்ல உடம்பைச் சூடா வைக்க அதிகம் எரிக்க வேண்டியதில்லை, அதனால ஆக்ஸிஜன் செலவாகாம ரத்தத்துலயே மிச்சம் இருக்குன்னு. இன்னைக்கு உடலியங்கியல் படிச்சவங்க அந்த விளக்கத்தை அப்படியே ஏத்துக்க மாட்டாங்க. ஆனா அந்த நூலைப் பிடிச்சுத்தான் 1842ல், ஆற்றல் அழியாது, உருவம் மட்டுமே மாறும்னு அவர் எழுதினார். 1847ல் அதையே விரிவா எழுதிய ஹெல்ம்ஹோல்ட்ஸும் டாக்டர்தான். (காலரைத் தூக்கி விட்டுக்கறேன்.)

இங்க ஒரு சிக்கல். ஆற்றல் அழியாதுங்கிறது வரவு செலவுக் கணக்கு மாதிரி. டேலி ஆகுதான்னு பார்க்கும், காசு எந்தப் பக்கம் போச்சுன்னு சொல்லாது. ஆறின காபி, அறையின் வெப்பத்தை உறிஞ்சித் தானா கொதிச்சாலும் கணக்கு டேலிதான்! அது நடக்காதுன்னு சொல்ல இன்னொரு அளவு தேவைப்பட்டது. அதுக்குக் கிளாசியஸ் 1865ல் என்ட்ரோபின்னு பேர் வச்சார்.

ஏன் அது கூடிக்கிட்டே போகணும்? வியன்னாவின் லுட்விக் போல்ட்ஸ்மான் 1872ல் அணுக்களின் மோதலை வச்சு அதை நிரூபிச்சதா சொன்னார். அவரோட மூத்த சகா லோஷ்மிட் 1876ல் ஒரே கேள்வி கேட்டார்: எல்லா அணுவின் வேகத்தையும் அப்படியே திருப்பிவிட்டா, எல்லாம் வந்த வழியே திரும்பிப் போகணுமே? பிரமாதமான கேள்வி. 1877ல் போல்ட்ஸ்மான் தந்த பதில் அதைவிடப் பிரமாதம். திரும்பிப் போறது முடியாத காரியம் இல்லை, ஆனா நடக்க வாய்ப்பே இல்லாத அளவுக்கு அரிது. பாலும் டிகாக்‌ஷனும் பிரிஞ்சு நிற்கக்கூடிய வழிகள் கொஞ்சம், கலந்து கிடக்கக்கூடிய வழிகள் எண்ணி மாளாதவை. அவ்வளவுதான் விஷயம். சட்டம் இல்லை, எண்ணிக்கை.

அப்படின்னா ஆரம்பத்துல எல்லாம் ஏன் அவ்வளவு ஒழுங்கா இருந்துச்சுன்னு கேட்டா, அதுக்கு இந்த எண்ணிக்கை பதில் சொல்லாது. இன்னைக்கும் அந்த வாதம் ஓடிக்கிட்டுதான் இருக்கு.

போல்ட்ஸ்மான் 1906ல் தற்கொலை செய்துகொண்டார். "அணுவை யாரும் நம்பலை, அதனால செத்தார்"னு வாட்ஸப்ல ஒரு கதை சுத்துது. டாக்டரா சொல்றேன், இப்படி ஒத்தைக் காரணம் கட்டுறது தப்பு. அவருக்குப் பல வருஷமா மனநிலை ஏறி இறங்கிக்கிட்டே இருந்தது. ஆஸ்துமா, மங்கிப்போன பார்வை வேற. இன்னைக்கு இருந்திருந்தா சிகிச்சை கொடுத்திருக்கலாம். (இந்தியாவில் மனநல உதவிக்கு டெலி மானஸ்: 14416.)

'காலத்தின் அம்பு'ன்னு பேர் வச்சவர் இங்கிலாந்து வானியலாளர் எடிங்டன், 1927ல் எடின்பரோவில் நடத்திய சொற்பொழிவுகளில்.

இப்போ உங்க வீட்டு விஷயம். மூளை செல்லுக்குள்ள பொட்டாசியம் அதிகம், வெளியே சோடியம் அதிகம். பாலும் டிகாக்‌ஷனும் பிரிஞ்சு நிற்கிற மாதிரி ஒரு நிலை இது. கலக்காம இருக்க ஒவ்வொரு செல்லும் ராத்திரி பகலா பம்ப் அடிச்சுக்கிட்டே இருக்கு. பக்கவாதத்துல ரத்தம் நின்னதும் சில நிமிஷத்துல பம்ப் நின்னுடும். சோடியம் உள்ளே, பொட்டாசியம் வெளியே. பெரிய ரத்தக்குழாய் அடைச்சா நிமிஷத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பு செல்கள் சாகும். செத்த செல்லைத் திருப்ப எங்ககிட்ட மருந்து இல்லை.

அதனாலதான் கேஷுவாலிட்டியில நுழைஞ்சதும் "கடைசியா எத்தனை மணிக்கு நல்லா இருந்தார்?"னு கேட்கிறோம். பல வீடுகள்ல "காலையிலதான் கவனிச்சோம் சார்"னு சொல்றாங்க. நீங்க கவனிச்ச நேரம் எங்களுக்குப் போதாது. ராத்திரி 10 மணிக்கு நல்லா பேசிட்டுப் படுத்தவர் காலை 6 மணிக்கு வாய் கோணி எழுந்தா, கணக்கு 10ல இருந்து ஆரம்பிக்கும். கட்டியைக் கரைக்கிற ஊசிக்குப் பொதுவா நாலரை மணி நேரம்தான் கெடு. நேரம் தாண்டியிருந்தாலும் ஸ்கேன் பார்த்துச் சிலருக்குச் சிகிச்சை செய்ய வழியிருக்கு, அதனால வீட்டிலேயே முடிவு பண்ணிடாதீங்க. வாய் கோணல், கை தொங்கல், பேச்சுக் குழறல், இதுல ஒண்ணு தெரிஞ்சாலும் 108ஐக் கூப்பிட்டுட்டு, அந்த நேரத்தை ஒரு பேப்பர்ல எழுதிக் கையில எடுத்துட்டு வாங்க.