இருபது பல்லுச் சக்கரமும் ஒரு மலை நாட்டு ராணுவமும்

சுவிஸ்னா நம்ம ஆளுங்களுக்கு சாக்லேட், கைக்கடிகாரம், அப்புறம் சினிமா டூயட். ராணுவம் ஞாபகத்துக்கே வராது. அதுவும் சைக்கிள்ல போன ராணுவம்! 1891-ல ஆரம்பிச்சு 2003 வரைக்கும் இந்த நாட்டுப் படையில சைக்கிள் வீரர்கள் தனிப் பிரிவாவே இருந்தாங்க மக்களே.

எனக்கு எதுக்கு இந்த ஆராய்ச்சின்னு கேட்கலாம். நான் இருக்கிற சோலோதுர்ன் வழியா ரெண்டு தேசிய சைக்கிள் பாதைகள் போகுது. ஒண்ணு ரோமான்ஸ்ஹோர்ன்ல இருந்து லொசான் போற 5-ம் எண், இன்னொண்ணு ஆரே நதியோரமா போற 8-ம் எண். கூடாரம், அடுப்பு, அரிசி மூட்டை சகிதமா கோடையில கிளம்புறதா உத்தேசம். எத்தனை கியர் வேணும், எவ்வளவு தடிமனான டயர் நுழையணும்னு விடை தேடினப்போ மாட்டினதுதான் 1905 மாடல் ராணுவ சைக்கிள்.

அதோட ஜாதகம் இது. எடை 23.6 கிலோ. பிரேம் ஒரே அளவுதான், 57 செ.மீ. 155 செ.மீ. ஆளும் அதையே ஓட்டணும், 195 செ.மீ. ஆளும் அதையே ஓட்டணும். பெடல் பக்கம் 50 பல், பின்சக்கரத்துல 20 பல். கியர் மாத்துற சோலியே கிடையாது. 1989 வரைக்கும் இதைத் தயாரிச்சாங்க!

இப்போ கொஞ்சம் கணக்கு. 50-ஐ 20-ஆல வகுத்தா 2.5. பெடல் ஒரு சுத்து சுத்தினா சக்கரம் ரெண்டரை சுத்து, அதாவது சுமார் 5.2 மீட்டர். நிமிஷத்துக்கு 60 சுத்து மிதிச்சா மணிக்கு 18, 19 கி.மீ. சமதளத்துல சொகுசுதான். ஆனா சோலோதுர்ன் சுமார் 430 மீட்டர் உயரத்துல இருக்கு, தலைக்கு மேல நிக்கிற வைசன்ஸ்டைன் 1280-ஐத் தாண்டும். பத்து சதவீத ஏத்தத்துல மூட்டையோட 18 கி.மீ. வேகம்னா சாதாரண மனுஷனால முடியாது. மெதுவா மிதிச்சா முட்டி கழண்டுடும். இறங்கித் தள்ளணும், வேற வழியில்லை.

அந்தக் காலத்துல கியர் இல்லையான்னா, இருந்தது. பிரான்ஸ்ல செந்த் எத்தியென் நகரத்துக்காரர் போல் த விவீ, 'வெலோசியோ'ங்கிற பேர்ல எழுதினவர், பல கியர் வேணும்னு வருஷக்கணக்கா வாதாடினார். 1902-ல நடந்த ஒரு மலைப்போட்டியில, மார்த் எஸ்ங்கிற பெண் மூணு கியர் சைக்கிளோட வந்து ஒத்தை கியர்ல ஓட்டின ஆண் வீரரை முந்தினாங்க. அப்படியும் டூர் த பிரான்ஸ்ல கியர் மாத்துற டிரெய்லியரை அனுமதிக்க 1937 வரை ஆச்சு. கியர் மாத்துறது பலவீனன் செய்யற வேலையாம்!

சுவிஸ் ராணுவத்தோட கணக்கு வேறன்னு எனக்குத் தோணுது. ஜெனீவால இருந்து கான்ஸ்டன்ஸ் ஏரி வரைக்கும் நீளுற நடுச்சமவெளியிலதான் ஊரும் சாலையும் அதிகம். அங்கே ஒத்தை கியர் போதும். உதிரி பாகம் ஒரே மாதிரி. சேத்துல விழுந்தாலும் கெட்டுப்போக நுணுக்கமா ஒண்ணுமில்லை. ஏத்தத்துக்கு இருக்கவே இருக்கு கால்.

நம்ம கதையும் இதேதான். யாழ்ப்பாணக் குடாநாடு தட்டை நிலம். 1990-களோட பொருளாதாரத் தடையில பெட்ரோல் இல்லாதப்போ விறகு, மூட்டை, நோயாளி எல்லாம் ஒத்தை கியர் சைக்கிள்லதான் போனது. 1995 அக்டோபர் கடைசியில வலிகாமம் இடம்பெயர்ந்தப்போ குடும்பத்தோட சொத்து மொத்தமும் ஒரு கேரியர்லயும் ஹேண்டில்லயும் தொங்கினது. பல இடத்துல ஓட்ட முடியாம உருட்டிக்கிட்டுதான் போனாங்க. அப்படி உருட்டினவங்கள்ல சிலர் இன்னிக்கு இதே சுவிஸ்ல இருக்காங்க. சுமை தூக்கிற சைக்கிள்ங்கிறது அவங்களுக்குப் பொழுதுபோக்கு இல்லை.

அடுத்தது டயர். 1905 மாடலுக்கு 38 மி.மீ. தடிமன், 584 மி.மீ. ரிம். பிரெஞ்சு நெடும்பயணக்காரங்களுக்கும் பிடிச்ச அளவு இது. தடிச்ச டயர்ல காத்தைக் கொஞ்சம் குறைச்சாலும் சுமையைத் தாங்கும், கல் பாதையில தோள்பட்டை பிழைக்கும். ஆனா டயருக்கும் ஃபோர்க்குக்கும் மட்கார்டுக்கும் நடுவுல இடைவெளி வேணும், இல்லேன்னா சேறு அடைச்சு சக்கரம் நின்னுடும். இன்னொண்ணு: அதே ரிம்ல 50 மி.மீ. டயர் போட்டா சுத்தளவு மூணரை சதவீதத்துக்கு மேல கூடும். கியரும் அந்த அளவுக்குக் கனமாகும்! டயரையும் கியரையும் சேர்த்தே யோசிக்கணும்.

அந்த ரப்பர் எங்கிருந்து வந்தது? உலகத்து ரப்பர்ல பெரும்பகுதி அப்போ மலாயாவும் அதைச் சுத்தின தீவுகளும் கொடுத்தது. மலாயாத் தோட்டங்கள்ல பால் வெட்டினது பெரும்பாலும் தமிழ்ச் சனம். அதே மலாயாவுல ஜப்பான்காரன் சைக்கிள்ல இறங்கி, டயர் கிழிஞ்சதும் வெறும் ரிம்லயே கடகடன்னு ஓட்டிக்கிட்டுப் போனான். 1942 பிப்ரவரி 15-ல சிங்கப்பூர் விழுந்தது.

சுவிஸ் ராணுவம் ஒருவழியா 1993 மாடல்ல ஏழு கியரும் ஹைட்ராலிக் பிரேக்கும் குடுத்தது. பிரேம் அளவை மட்டும் மாத்தலை, பழைய சாமான் கேரியரெல்லாம் பொருந்தணுமே. எடை 25 கிலோ ஆச்சு. பத்தே வருஷத்துல படைப்பிரிவையே கலைச்சுட்டாங்க. ஆனாலும் 2012-ல புது மாடல் சைக்கிள் வாங்கினாங்க, போக்குவரத்துக்கு உதவுமேன்னு.

என் முடிவு: முன்னாடி சின்னப் பல் 26, பின்னாடி பெரிய பல் 34. ஒரு சுத்துக்கு 1.6 மீட்டர்தான், 60 சுத்துக்கு மணிக்கு 6 கி.மீ.க்கும் கீழே. நடக்கிற வேகம்தான், ஆனா உட்கார்ந்துகிட்டே ஏறலாம். டயர் 42 மி.மீ., பக்கத்துக்கு ஒரு சுண்டுவிரல் நுழையற இடைவெளி. அப்படியும் முடியலைன்னா இறங்கித் தள்ளுறதுல வெட்கம் எதுவும் கிடையாது. ஒரு ராணுவமே அதைத்தானே செஞ்சது :-)

உங்க ஊர்ல சுமை சைக்கிள்ல என்னென்ன ஏத்தினாங்க, எத்தனை பல்லுன்னு தெரிஞ்சவங்க சொல்லுங்கப்பா.